நினைவே சான்றாக

1820ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், அமெரிக்காவின் வடகிழக்குக் கோடியிலுள்ள மேய்ன் மாநிலத்தில், ஒரு கூலித் தொழிலாளி நீதிமன்றப் படி ஏறினார். அவர் எவர்மீதும் வழக்குத் தொடுக்கவில்லை. அவர்மீதும் வழக்கு எதுவும் இல்லை. தம்மிடம் இருப்பன யாவை என்பதை உறுதிமொழி கூறி எண்ணிக் காட்டுவதற்காகவே அவர் வந்திருந்தார். இரண்டு பசுக்கள், ஆறு செம்மறிகள், ஒரு பன்றி. உடுக்கும் உடையும் படுக்கையும் நீங்கலாக அவருடைய உடைமை அவ்வளவே. நிலம் இல்லை, வருமானம் இல்லை. மூப்பாலும் நோயாலும் வேலை செய்ய இயலவில்லை. மனைவியும் மூட்டு நோயால் நலிந்தவர். பிள்ளைகள் ஐவர்.

அவர் பெயர் ஜோசப் பிளம் மார்ட்டின். வயது 59. பதினைந்து வயதில் துப்பாக்கி ஏந்தியவர். 1776 முதல் 1783 வரை அமெரிக்க விடுதலைப் போரில் ஈடுபட்டவர். போர் முடிந்து முப்பத்தேழு ஆண்டுகள் கழிந்த பின்னர், திங்களுக்கு எட்டு டாலர் ஓய்வூதியம் தொடர்ந்து கிடைக்க வேண்டுமாயின், தாம் ஏழை என்பதை அவர் நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது.

களத்தில் பட்ட வீரனுக்குக் கல் எடுக்கும் மரபை நாம் அறிவோம். காட்சி முதல் வாழ்த்து ஈறாக அதன் படிநிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. ஆயின், களத்தில் படாமல் மீண்டு வந்து, வறுமையுற்று, கூன் விழுந்து, ஊரார் மறந்துபோன வீரனுக்கு எந்தக் கல்? இவ்வினா எந்த நாட்டுக்கும் பொருந்தும். அமெரிக்கா இதற்குத் தந்த விடை விந்தையானது. அது கல் எடுக்கவில்லை, வாக்குமூலம் கேட்டது. அந்த வாக்குமூலங்கள் நாட்டின் கடனை நினைவூட்டினவா, கருணையை இறைஞ்சினவா என்பதே இக்கட்டுரை எண்ணிப் பார்க்க விழைவது.

வாக்குறுதியும் வெறுங்கையும்

விடுதலை அறிவிப்பு வெளியான சில வாரங்களிலேயே, 1776 ஆகஸ்டு 26ஆம் நாள், பதின்மூன்று குடியேற்றங்களின் பேராயம் முதல் ஓய்வூதியத் தீர்மானத்தை நிறைவேற்றியது. போரில் உறுப்பிழந்தோர்க்கும், உழைத்துப் பிழைக்க இயலாதவாறு ஊனமுற்றோர்க்கும் பாதி ஊதியம் தருவதாக அது வாக்களித்தது. வாக்களித்த பேராயத்திடம் பணம் இல்லை; அதைச் செயற்படுத்தும் பொறுப்பு மாநிலங்களிடம் விடப்பட்டது.

படையதிகாரிகள் தமக்கு வேண்டியதைக் கேட்டுப் பெறும் வலிமை உடையவர்கள். போர் முடியும்வரை பணியாற்றும் அதிகாரிகளுக்கு வாழ்நாள் முழுதும் பாதி ஊதியம் என 1780இல் பேராயம் உறுதியளித்தது. 1783 மார்ச்சில் அதனை ஐந்தாண்டு முழு ஊதியமாக மாற்றியமைத்தது. கடைநிலை வீரனுக்கு வாக்களிக்கப்பட்டவை, போர் முடியும்வரை நின்றால் எண்பது டாலர் வெகுமதியும் நூறு ஏக்கர் நிலமும். கையில் கொடுக்கப்பட்ட காகிதப் பணமோ நாளுக்கு நாள் மதிப்பிழந்து, இறுதியில் எதற்கும் உதவாமற்போயிற்று.

மார்ட்டினின் படைவாழ்வு இதற்கு நல்ல சான்று. 1776இல் நியூயார்க்கைச் சுற்றி நடந்த தோல்விப் போர்களில் அவர் இருந்தார். 1777இல் டெலவேர் ஆற்றிலுள்ள மிஃப்ளின் கோட்டை பிரித்தானியரின் பீரங்கிகளால் தகர்க்கப்பட்டபோது உள்ளே இருந்தவர்களுள் அவரும் ஒருவர். மோரிஸ்டவுன் பாசறையில் 1779-80ஆம் ஆண்டுப் பனிக்காலத்தின் கொடும்பசியை அனுபவித்தார். அதன்பின் 1780 மேத் திங்களில் கனெக்டிகட் படைப்பிரிவினர் உணவும் ஊதியமும் கேட்டுக் கிளர்ந்தெழுந்ததையும் கண்டார். 1781இல் யார்க்டவுன் முற்றுகையில் அகழி வெட்டும் படையில் பணிபுரிந்தார். அம்முற்றுகைக்குச் செல்லும் வழியில் ஒரு திங்கள் ஊதியம் நாணயமாகவே வழங்கப்பட்டது. அதுவும் பிரெஞ்சுக்காரரிடம் கடன் வாங்கிய பணம்.

1783இல் படை கலைக்கப்பட்டது. ஊதிய நிலுவைக்கு ஈடாக வீரர்களுக்குக் கடன் சீட்டுகள் தரப்பட்டன. பசித்தவன் சீட்டைத் தின்ன இயலாது. பலர் அவற்றை மிகக் குறைந்த விலைக்கு வணிகர்களிடம் விற்றனர். மார்ட்டினும் தம் சீட்டுகளில் சிலவற்றை விற்று, ஊர் திரும்புவதற்கு உடை வாங்கிக்கொண்டார்.

அவர் மேய்ன் பகுதிக்குச் சென்று காடு திருத்திக் குடியேறினார். ஆனால் அந்தப் பரந்த நிலப்பரப்பு முழுவதற்கும் உரிமை கொண்டாடியவர் ஹென்றி நாக்ஸ். விடுதலைப் போரில் வாஷிங்டனின் பீரங்கிப் படைக்குத் தலைமை தாங்கியவர். பின்னர் நாட்டின் போர்த்துறைச் செயலர். 1797இல் நாக்ஸின் உரிமை சட்டப்படி நிலைநாட்டப்பட்டபோது, மார்ட்டின் உழுத நூறு ஏக்கருக்கு 170 டாலர் விலை வைக்கப்பட்டது. நிலத்தைத் தம்மிடமே விட்டுவைக்குமாறு மார்ட்டின் வேண்டிக்கொண்டார். பயனில்லை. 1811க்குள் அவருடைய நிலம் பாதியாயிற்று. 1818இல் ஓய்வூதியம் கேட்டு விண்ணப்பித்தபோது அவரிடம் நிலமே இல்லை. ஒரே போரில், ஒரே கொடியின் கீழ் நின்ற இருவர். ஒருவர் நிலக்கிழார், மற்றவர் நிலமற்றவர்.

நீதிபதிகள் மறுத்த பணி

ஓய்வூதியம் கேட்போரை நீதிமன்றத்துக்கு அனுப்பும் வழக்கம் 1820இல் தோன்றியதன்று. ஊனமுற்ற வீரர்களின் கோரிக்கையைக் கூட்டாட்சியின் வட்ட நீதிமன்றங்கள் ஆராய்ந்து கருத்துரைக்க வேண்டும் என 1792 மார்ச் 23ஆம் நாளைய சட்டம் விதித்தது. ஆனால் அக்கருத்து தீர்ப்பாகாது. போர்த்துறைச் செயலர் ஐயுற்றால் அதனை நிறுத்தி வைக்கலாம். அன்றைய போர்த்துறைச் செயலர் மேலே குறித்த நாக்ஸே.

பென்சில்வேனியாவில் வில்லியம் ஹேபர்ன் என்னும் முன்னாள் வீரரின் மனு வந்தது. நீதிபதிகள் வில்சன், பிளேர், பீட்டர்ஸ் ஆகிய மூவரும் அதனை விசாரிக்க மறுத்துவிட்டனர். நீதிமன்றத்தின் முடிவை அமைச்சர் ஒருவர் திருத்தலாம் என்றால் அது நீதிமன்றப் பணியே அன்று என்பது அவர்தம் நிலைப்பாடு. அதனைக் குடியரசுத் தலைவர் வாஷிங்டனுக்குக் கடிதமாகவும் எழுதினர். ஏனைய வட்ட நீதிபதிகளும் இவ்வாறே தம் தடையைத் தெரிவித்தனர். நியூயார்க்கில் இருந்தோர் மட்டும் தாம் நீதிபதிகளாக அன்றி ஆணையர்களாக இருந்து மனுக்களைக் கேட்கலாம் எனக் கருதினர். உச்ச நீதிமன்றம் முடிவு கூறுமுன் 1793 பிப்ரவரியில் பேராயம் சட்டத்தையே மாற்றிவிட்டது.

அமெரிக்கச் சட்ட மாணவர்கள் இன்றளவும் ஹேபர்ன் வழக்கைப் பயில்கின்றனர். நீதித்துறையின் தனித்தன்மைக்கு அஃது ஒரு தொடக்கப் புள்ளி. நீதிபதிகளின் வாதம் நேரியது என்பதில் ஐயமில்லை. ஆயினும், பெரிய கொள்கை ஒன்று நிலைபெறும் வேளையில் வாயிலில் காத்து நின்றவன் ஓர் ஊனமுற்ற வீரன் என்பதும் நினைக்கத்தக்கது. கொள்கை வென்றது, அவன் காத்திருந்தான்.

வறுமையை எண்ணிக் காட்டல்

ஊனமுறாத வீரர்களைப் பற்றி நாடு முப்பத்தைந்து ஆண்டுகள் நினைக்கவில்லை. 1817 டிசம்பரில் குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் மன்றோ தம் பேராய உரையில் அவர்களை நினைவூட்டினார். அவரும் டிரென்டன் போரில் புண்பட்டவர். 1818 மார்ச் 18ஆம் நாள் சட்டம் பிறந்தது. பேராயத்தின் பொதுப்படையில் ஒன்பது திங்களேனும், அல்லது போர் முடியும்வரையேனும் பணியாற்றி, இப்போது நாட்டின் உதவி தேவைப்படும் நிலையில் இருப்போர்க்கு வாழ்நாள் ஓய்வூதியம்: அதிகாரிக்குத் திங்களுக்கு இருபது டாலர், வீரனுக்கு எட்டு.

உறுப்பிழந்தோர்க்கு மட்டுமன்றி, பணியாற்றியோர்க்கும் ஓய்வூதியம் என்பது பெரும் மாற்றம். ஆனால் 'உதவி தேவைப்படும்' என்னும் ஒரு தொடர் அதற்குள் முள்ளாகக் கிடந்தது. எதிர்பார்த்ததைவிடப் பன்மடங்கு விண்ணப்பங்கள் குவிந்தன. கருவூலம் திணறியது. வசதியுள்ளோரும் ஏழைகளாக வேடமிடுகின்றனர் என்று செய்தித்தாள்கள் குறைகூறின. விளைவு, 1820 மே முதல் நாள் வந்த புதிய சட்டம்.

ஓய்வூதியம் பெற்றுவந்தோர் யாவரும் மீண்டும் நீதிமன்றம் வரவேண்டும். உடைமை அனைத்தையும் பட்டியலிட்டு உறுதிமொழி கூற வேண்டும். முந்தைய சட்டம் வந்த நாள்முதல், ஏழையெனக் காட்டிக்கொள்வதற்காக எதனையும் விற்கவோ கொடுக்கவோ இல்லை எனவும் கூற வேண்டும். பட்டியல் வந்து சேரும்வரை பணம் இல்லை. போர்த்துறைச் செயலர் பட்டியலைப் பார்த்து, இவர் போதிய ஏழையல்லர் எனக் கருதினால் பெயரை நீக்கலாம். பலர் நீக்கப்பட்டனர். அவ்வாறு நீக்கப்பட்டோரில் வறியவர்களை மீண்டும் சேர்க்க 1823இல் இன்னொரு சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று.

மார்ட்டினின் இரண்டு பசுக்களும் ஆறு செம்மறிகளும் ஒரு பன்றியும் நீதிமன்ற ஏட்டில் ஏறியது இவ்வாறுதான். 1820ஆம் ஆண்டின் கோப்புகளைப் புரட்டினால் இத்தகைய பட்டியல்கள் ஆயிரக்கணக்கில் எதிர்ப்படும். பழைய கோடரி, விளிம்புடைந்த குவளை, கால் முறிந்த நாற்காலி, வரவேண்டிய சிறு கடன், கொடுக்கவேண்டிய பெருங்கடன். ஒவ்வொன்றுக்கும் நேரே விலை. நாட்டுக்காகப் போரிட்டதை மெய்ப்பித்தல் ஒருநாட் பணி. நாட்டின் முன் தான் ஒன்றுமில்லாதவன் என்று மெய்ப்பித்தல் மற்றொரு நாட்பணி. முன்னது பெருமை. பின்னது, அண்டை வீட்டார் நிறைந்த மன்றத்தில் உடுத்த துணியைக் களைவது போன்றது.

கடன் எப்போது கருணையாக மாறுகிறது? கடன்பட்டவன் தன் கணக்கைப் பாராமல், கடன் கொடுத்தவனின் பானையைத் திறந்து பார்க்கத் தொடங்கும்போது.

மார்ட்டின் இதனை நன்குணர்ந்திருந்தார். 1830இல், தம் எழுபதாம் அகவையில், போர்க்கால அனுபவங்களைத் தம் பெயரின்றியே நூலாக எழுதி, மேய்ன் மாநிலத்து ஹாலோவெல் நகரில் வெளியிட்டார். படைத்தலைவர்களின் புகழ்பாடும் நூலன்று அது. பசி, பனி, செருப்பற்ற கால், திருடித் தின்ற வாத்து, இவற்றை எள்ளலோடு கூறும் கடைநிலை வீரனின் கதை. முதியோர்க்குத் தரும் சிறுதொகையைக் கண்டு முணுமுணுப்போர்க்கு நூலின் இறுதியில் சுருக்கென்று விடையிறுக்கிறார்: வீரன் தன் பங்கு ஒப்பந்தத்தை நிறைவேற்றினான், நாடு நிறைவேற்றவில்லை. அந்நூல் அன்று விலை போகவில்லை. ஒரு நூற்றாண்டுக்குப் பின் கண்டெடுக்கப்பட்டு 1962இல் மறுபதிப்பான பிறகே, விடுதலைப் போரைப் பற்றி எழுதும் எவரும் அதனைத் தவிர்க்க இயலாத நிலை வந்தது.

எரிந்த ஏடுகளும் ஏழு வினாக்களும்

1832 ஜூன் 7ஆம் நாள் நிறைவேறிய சட்டம் வறுமைப் பட்டியலைக் கைவிட்டது. இரண்டாண்டுகள் பணியாற்றியோர்க்கு முழு ஊதியம். ஆறு திங்களுக்கு மேல் பணியாற்றியோர்க்கு அதற்கேற்ற அளவு. பொதுப்படையினர் மட்டுமல்லர்; மாநிலப் படையினர், ஊர்ப்படையினர், கடற்படையினர் அனைவரும் தகுதியுடையோர். செல்வனா வறியவனா என்று எவரும் கேட்கப்போவதில்லை. போர் முடிந்து அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. எஞ்சியோர் எழுபதைக் கடந்தவர்கள். கடன் கடனாகவே ஏற்கப்பட்டது. ஆனால் கடன் கொடுத்தோரில் மிகப் பலர் அதற்குள் மாண்டுவிட்டனர்.

இப்போது வேறொரு சிக்கல் எழுந்தது. பணியாற்றியதற்குச் சான்று என்ன? 1800 நவம்பர் 8ஆம் நாள் போர்த்துறை அலுவலகம் தீப்பற்றி, அதுவரை சேர்த்திருந்த ஆவணங்கள் அழிந்தன. 1814 ஆகஸ்டில் பிரித்தானியப் படை வாஷிங்டன் நகரின் அரசுக் கட்டடங்களுக்குத் தீயிட்டது. ஊர்ப்படைகளுக்கோ தொடக்கத்திலிருந்தே ஒழுங்கான ஏடுகள் இல்லை. வீரன் கையிலிருந்த விடுப்புச் சீட்டும் எலி தின்றோ, வெள்ளத்தில் போயோ, வேலைக்கு உதவாத தாளென்று எறியப்பட்டோ மறைந்திருந்தது.

எனவே ஆவணமில்லாதவன், தன் படைவாழ்வை முழுமையாக நீதிமன்றத்தில் எடுத்துரைக்க வேண்டும் என்று அரசு விதித்தது. ஏழு வினாக்கள் அச்சிட்டு அனுப்பப்பட்டன. எங்கே, எந்த ஆண்டு பிறந்தீர்? வயதுக்குப் பதிவு உண்டா, அஃது எங்கே உள்ளது? படையில் சேர்ந்தபோது எங்கே வாழ்ந்தீர், அதன்பின் எங்கெங்கே? தாமாகச் சேர்ந்தவரா, கட்டாயத்தால் சேர்க்கப்பட்டவரா, இன்னொருவருக்குப் பதிலாளாகப் போனவரா? உம்முடன் இருந்த அதிகாரிகளும் படைப்பிரிவுகளும் யாவை? விடுப்புச் சீட்டு பெற்றீரா, அஃது என்னாயிற்று? உம் வாய்மைக்குச் சான்று கூறவல்ல அண்டையார் யார்?

இறுதி வினா கூர்ந்து நோக்கத்தக்கது. சமய குருவர் ஒருவரும் ஊரார் ஒருவரும் வந்து, இவர் விடுதலைப் போர் வீரர் என்றே இவ்வட்டாரத்தில் அறியப்பட்டவர் எனக் கூற வேண்டும். அரசின் ஏடு எரிந்துபோன இடத்தில் ஊரின் நினைவு ஏடாயிற்று.

அந்தக் காட்சியை நாம் எண்ணிப் பார்க்கலாம். மாவட்ட நீதிமன்றத்தின் வழக்கமான அமர்வு. நிலத்தகராறும் கடன் வழக்கும் முடிந்தபின், கோலூன்றிய முதியவர் ஒருவர் முன்வருகிறார். எழுத்தர் கேட்கிறார், அவர் சொல்கிறார், எழுத்தர் எழுதுகிறார். முதியவர் 'நான்' என்கிறார். எழுத்தரின் பேனா 'மேற்படி விண்ணப்பதாரர்' என்று மாற்றுகிறது. முதுமையாலும் நினைவுக் குறைவாலும் காலத்தைத் துல்லியமாகக் கூற இயலவில்லை என்னும் வாய்பாடு வாக்குமூலந்தோறும் இடம்பெறுகிறது. பிறகு, எழுதத் தெரியாதவர் பலர் தம் பெயருக்கு நடுவே ஒரு பெருக்கற்குறி இடுகின்றனர். நடக்க இயலாதோர் படுக்கையிலிருந்தே கூறிய வாக்குமூலங்களும் உள.

இவர்கள் எதை நினைவில் வைத்திருந்தனர்? படைத்தலைவரின் போர்த்திட்டத்தை அன்று. அது அவர்களுக்கு என்றுமே தெரியாது. நடந்த வழி, கடந்த ஆறு, தின்னக் கிடைத்தது, தின்னக் கிடைக்காதது, அருகில் நின்றவன் விழுந்த விதம், தன்னை ஏமாற்றிய தலைவன், தனக்குத் தன் போர்வையைக் கொடுத்தவன். ஆண்டுகள் பிறழ்கின்றன, இரண்டு போர்கள் ஒன்றாகின்றன. ஆனால் பொய்யே கூற விரும்பினாலும் புனைய இயலாத சிறு செய்திகள் இடையிடையே ஒளிர்கின்றன.

பொய்யும் இருந்தது என்பதை மறைக்க வேண்டுவதில்லை. கமிஷனுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்த முகவர்கள் தோன்றினர். வர்ஜீனியாவின் மேற்கு மலைப்பகுதியில் 1830களின் நடுவில் நடந்த விசாரணையில் பல கோரிக்கைகள் பொய்யெனத் தெரியவந்தன. ஆயினும் அந்தச் சில பொய்களுக்காக ஏனையோரின் வாக்குமூலங்களைத் தள்ளிவிடுதல் தகாது.

வாயிலுக்கு வெளியே நின்றவர்கள்

நினைவு சான்றாகும் என்று ஒப்புக்கொண்ட அதே சட்டம், எல்லாருடைய நினைவையும் ஒன்றாக மதித்ததா?

ஜெஹு கிராண்ட் என்பவர் ரோட் ஐலண்டில் அடிமையாக இருந்தவர். அவருடைய உடைமையாளர் பிரித்தானியர்பால் சாய்ந்தவர்; அவர்தம் கப்பல்களுக்குப் பொருள் அனுப்பியவர். தம்மையும் அக்கப்பல்களுக்கு அனுப்பிவிடுவாரோ என்று அஞ்சிய ஜெஹு 1777 ஆகஸ்டில் தப்பியோடி, கனெக்டிகட்டின் டான்பரி நகரில் விடுதலைப் படையில் சேர்ந்தார். வண்டி ஓட்டினார். ஏறத்தாழப் பத்துத் திங்கள் கழித்து, 1778 ஜூனில், உடைமையாளர் அவரைத் தேடிவந்து மீட்டுச் சென்றார். விடுதலைப் படையிலிருந்து ஒருவர் மீண்டும் அடிமைத்தளைக்கே அழைத்துச் செல்லப்பட்டார். பின்னாளில் வேறொருவரிடம் உழைத்து உரிமை பெற்றார்.

1832ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அவர் விண்ணப்பித்தார். அலுவலகம் மறுத்தது. அவர் படையில் பணியாற்றியதை ஐயுற்று மறுக்கவில்லை. தம் உடைமையாளரிடமிருந்து தப்பியோடியவராக இருந்த காலத்துப் பணி இச்சட்டத்துள் அடங்காது என்பதே காரணம். 1836இல் அவர் மீண்டும் எழுதினார். எங்கும் விடுதலைக் கம்பங்கள் நாட்டப்பட்டதையும் மக்கள் உரிமைக்காகத் திரண்டதையும் கண்டபோது, தாமும் அவ்வுணர்வால் ஈர்க்கப்பட்டதாக அம்மடல் கூறுகிறது. அப்போதும் பயன் விளையவில்லை.

கறுப்பின வீரர் அனைவரும் இவ்வாறு மறுக்கப்பட்டனர் என்று கூறுதல் வரலாற்றுக்குப் பொருந்தாது. உரிமை பெற்றோராய்ப் பணியாற்றிய பலர் ஓய்வூதியம் பெற்றனர். ஆனால் ஜெஹு கிராண்டின் கோப்பு ஓர் உண்மையைக் காட்டுகிறது. தன் விடுதலைக்காக ஓடியவனே அந்தப் போரின் பொருளை யாரினும் நன்கு உணர்ந்தவன். அந்த ஓட்டத்தையே அரசு அவன் குற்றமாகக் கொண்டது. நாடு தன் அரசனிடமிருந்து விலகியது புரட்சி. மனிதன் தன் உடைமையாளனிடமிருந்து விலகியது தப்பியோடல்.

பெண்களும் நெடுநாள் வாயிலுக்கு வெளியே நின்றவர்களே. ஆணுடையில் ராபர்ட் ஷர்ட்லிஃப் என்னும் பெயரில் 1782இல் மாசசூசெட்ஸ் படையில் சேர்ந்து புண்பட்ட டெபோரா சாம்சன், 1805இல்தான் ஊனமுற்றோர் பட்டியலில் இடம்பெற்றார். அதற்குப் பால் ரிவியர் 1804இல் எழுதிய பரிந்துரைக் கடிதம் துணைநின்றது. 1818இல் அவரும் நீதிமன்றத்தில் வாக்குமூலம் அளித்துத் திங்களுக்கு எட்டு டாலர் பெற்றார்.

வீரர்களின் கைம்பெண்களுக்குப் பரந்த அளவில் வழி திறந்தது 1836ஆம் ஆண்டுச் சட்டத்தால். அவர்கள் மெய்ப்பிக்க வேண்டியது இரண்டு: கணவனின் பணி; தம் திருமணம். திருமணப் பதிவு இல்லாதோர் குடும்ப விவிலியத்தின் பிறப்பு, இறப்பு, மணம் எழுதிய பக்கத்தையே கிழித்து அனுப்பினர். சிலர் வண்ணம் தீட்டிய குடும்பப் பதிவுகளை அனுப்பினர். திரும்பி வராத அப்பக்கங்கள் இன்றும் அக்கோப்புகளுள் இருக்கின்றன. எத்தனை வீடுகளின் மறைநூல்களில் அந்த ஒரு தாள் மட்டும் இல்லாமற்போயிருக்கும்!

எஞ்சியது

மார்ட்டின் 1850இல், தம் எண்பத்தொன்பதாம் அகவையில் காலமானார். ஊர் எழுத்தராக இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பணியாற்றி, பிறருடைய பிறப்பையும் இறப்பையும் எழுதி வைத்தவர் அவர். 1836இல் அவ்வூர் வழியே சென்ற ஒரு படைப்பிரிவு, முதிய வீரர் ஒருவர் அங்கு வாழ்கிறார் என்று கேள்வியுற்று, அவர் வீட்டின் முன் நின்று துப்பாக்கி முழக்கி வணங்கிச் சென்றது. அவருடைய கல்லறையில் பெயரோடு பொறித்திருப்பது, புரட்சியின் வீரர் ஒருவர் என்னும் சிறு தொடரே.

1860களில் இறுதி வீரர்களும் மறைந்தனர். பட்டியலிலிருந்த இறுதி ஓய்வூதியர் டேனியல் பேக்மன் 1869இல் இறந்தார். தம் பணிக்கு ஆவணம் காட்ட இயலாமையால் அவருக்கு 1867இல்தான் பேராயம் தனிச்சட்டம் இயற்றி ஓய்வூதியம் தந்தது. அப்போரின் இறுதிக் கைம்பெண் ஓய்வூதியர் எஸ்தர் டேமன் 1906இல் இறந்தார். 1783இல் முடிந்த போரின் செலவுக் கணக்கு இருபதாம் நூற்றாண்டிலும் நீண்டது.

அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இக்கோப்புகள் ஏறத்தாழ 80,000 உள்ளன. அவற்றின் நுண்படச் சுருள்கள் மட்டும் 2,670. இவற்றினின்று தேர்ந்த வாக்குமூலங்களை ஜான் டான் 1980இல் நூலாகத் தொகுத்தபோது, கடைநிலை மக்களின் போர் எத்தகையது என்பதை வரலாற்று மாணவர்கள் புதிதாக அறிந்தனர். 2023இல் காப்பகமும் தேசியப் பூங்காத் துறையும் இணைந்து, தன்னார்வலர்களைக் கொண்டு இக்கோப்புகளைப் படியெடுக்கும் பணியைத் தொடங்கின. மங்கிய மையில் எழுதிய அம்முதியோர் சொற்களை முன்பின் அறியாதோர் ஒவ்வொரு வரியாகப் படிக்கின்றனர்.

இங்கு ஒரு முரண் உண்டு. அரசு தன் கடனை உரிய காலத்தில் செலுத்தியிருந்தால் இவ்வாக்குமூலங்கள் பிறந்திரா. ஏடுகள் எரியாமல் இருந்திருந்தால் அம்முதியோரை எவரும் பேசச் சொல்லியிரார். படைப்பட்டியலில் ஒரு பெயரும் ஒரு நாளும் இருந்திருக்கும், அவ்வளவே. நன்றியின்மையும் நெருப்பும் சேர்ந்து ஒரு மக்களின் நினைவேட்டை உண்டாக்கிவிட்டன. இதனைக் கொண்டு அந்நன்றியின்மையைப் போற்றுதல் ஆகாது. ஜெஹு கிராண்டின் மடல் நமக்குக் கிடைத்தது நம் பேறு. அவருக்கு ஓய்வூதியம் கிடைக்காதது அவர் பெற்ற இழப்பு. முன்னது பின்னதை ஈடு செய்யாது.

பத்தாண்டுகளாகச் சொல்லைப் பேணிவரும் நம் வட்டத்தினர்க்கு இக்கோப்புகள் உணர்த்துவது ஒன்று உண்டு. அம்முதியோர் இலக்கியம் படைக்க வரவில்லை. எட்டு டாலர் கேட்டு வந்தனர். கேட்டவர்களும் கதை கேட்க அமரவில்லை. பொய்யைக் கண்டுபிடிக்க அமர்ந்தனர். ஆயினும் கேட்பதற்கு ஒருவர் இருந்தார், எழுதுவதற்கு ஒருவர் இருந்தார் என்ற அளவிலேயே அச்சொற்கள் நிலைத்துவிட்டன. நம் தெருவிலும் கோலூன்றி நடக்கும் முதியோர் இருக்கின்றனர். எந்த நீதிமன்றமும் அவர்களிடம் ஏழு வினாக்கள் கேட்கப்போவதில்லை. கேட்க வேண்டியவர் நாமே. அவர்தம் பெட்டியில் என்ன இருக்கிறது என்பதை விடுத்து, எந்த வழியாக நடந்து வந்தீர்கள் என்று கேட்போமாக. அவர் சொல்வதை, 'மேற்படி விண்ணப்பதாரர்' என்று மாற்றாமல், 'நான்' என்றே எழுதி வைப்போமாக.